எந்த வாய்?

பிப்ரவரி 11, செவ்வாய்

மேல்வரிசை பல் செட் ஒன்று இன்று நான் வேலை பார்க்கும் பல் பட்டறைக்கே திரும்பி வந்துவிட்டது. "பேசும்போது விசிலடிக்குது" என்று புகார். ஓய்வு பெற்ற வாத்தியாராம். காலம் பூராவும் விசிலடித்த பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருப்பார், இப்போது அவர் வாயே அடிக்கிறது. அளவெடுத்த டாக்டருக்குத் திட்டு விழாது. மெழுகில் பல் அடுக்கிய எனக்குத்தான் விழும். முன்பல்லுக்குப் பின்னால் கொஞ்சம் தேய்த்தேன். நாளை கொடுத்தனுப்ப வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அத்தை சமையலறை வாசலில் உட்கார்ந்து ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிவிட்டார். மாமியார் எங்களோடு இருக்க வந்து ஆறு வருஷம் ஆகிறது. பேக்கரியில் ரொட்டி அடுப்பு வேலை. இன்னும் என் எதிரே நாற்காலியில் உட்காரமாட்டார், என்னோடு நேராகப் பேசவும் மாட்டார். எனக்குச் சொல்ல வேண்டியதை மகளுக்குச் சொல்வது போல உரக்கச் சொல்வார். "மாப்ளயக் குடை எடுத்துக்கச் சொல்லுடி." நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பேன். என் மனைவி (நான் கூப்பிடுவது 'மேடம்', செருப்புக் கடை கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தத் தோரணை வந்துவிட்டது) அதை அப்படியே என்னிடம் திருப்பிச் சொல்வாள். நானும் அவளுக்குப் பதில் சொல்வேன். குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது.

இன்று நான் நேராகவே கேட்டுவிட்டேன். "என்ன பேப்பர் அத்தை?"

திடுக்கிட்டுப் போனார். "ஒண்ணுமில்ல மாப்ள. பேக்கரிக்கு டெஸ்ட் பண்ற பஸ் வந்துச்சுல்ல. காசு கூட வாங்கல. வாய்ல ஏதோ சரியில்லையாம். ஒண்ணுமில்ல."

வாயா? வாய் என் ராஜ்யம் அல்லவா! என்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வதாம்?

பிப்ரவரி 12

வாயைக் காட்டச் சொன்னேன். கையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மேடம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மேலே ஒரு பல் ஆடுகிறது, ஈறு வீங்கியிருக்கிறது என்றாள். நினைத்தேன். உள்ளேயிருந்து குரல்: "செலவு எதுக்குடி, தானா விழட்டும்." நானும் குரலை உயர்த்தினேன். "டாக்டர் நம்ம ஆளு. செலவெல்லாம் அவருக்கும் எனக்கும் உள்ள கணக்கு."

பிப்ரவரி 15, சனி

பல்லைப் பிடுங்கியாயிற்று.

வழியெல்லாம் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. பயம் என்று நினைத்து நானே பேசிக்கொண்டு வந்தேன். பல் வேர், ஈறு, எச்சில் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். டாக்டர், "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டார். "ஒண்ணும் பண்ணல" என்றார். கோரைப் பல்லுக்கு அடுத்த பல், சிரித்தால் தெரிகிற இடம். தட்டிப் பார்த்துவிட்டு, வேர் செத்துவிட்டது, எடுப்பதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. பிறகு கண்ணை மூடி வாயைத் திறந்தார்.

ஊசி போடும்போது நாற்காலியின் கையைக் கூடப் பிடிக்கவில்லை. "உங்க மாமியார் மாதிரி ஒருத்தர நான் பாத்ததே இல்ல" என்றார் டாக்டர். எனக்கு ஒரே பெருமை. என்னவோ நானே பல்லைக் கொடுத்தது மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டிவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் உரக்கச் சொன்னார்: "எல்லாம் சரியாப் போச்சு. இனிமே யாரும் எதுவும் கேக்க வேணாம்."

பிப்ரவரி 16

அத்தை பாலில் ரொட்டி நனைத்துச் சாப்பிட்டுவிட்டு விடிவதற்குள் வேலைக்குப் போய்விட்டார். ஒரு நாள் லீவு போட்டால் பேக்கரி இடிந்து விழுந்துவிடுமா?

மார்ச் 10, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மத்தியானம் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தபோது போன். தெரியாத நம்பர் என்று நான் பல தடவை எடுக்காமல் விட்ட அதே நம்பர். இன்று என்னவோ எடுத்தேன். பெண் குரல். டெஸ்ட் பஸ்ஸில் வந்த நர்ஸாம். அத்தை தன் நம்பருக்குப் பதில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார், பேக்கரிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று.

"அம்மா ஏன் சார் இன்னும் ஃபாலோ-அப்புக்கு வரல? எத்தனையோ தடவை கூப்பிட்டேன்."

எனக்கு ஒரே உற்சாகம். "அதெல்லாம் பாத்தாச்சு சிஸ்டர். பல்லப் புடுங்கியாச்சு. வாய் இப்ப சுத்தமா இருக்கு."

லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"எந்த வாய் சார்?"

எந்த வாய் என்றால்? ஆளுக்கு எத்தனை வாய் இருக்கிறது? கேலி செய்கிறாரோ என்று கோபம் வந்தது. கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. "வீட்டம்மாவ என்கிட்டப் பேசச் சொல்லுங்க சார். இன்னிக்கே" என்றார்.

நம்பரை மேடத்துக்குக் கொடுத்தேன். கடைக்கு வெளியே போய்ப் பேசியிருக்கிறாள். பேசி முடித்து அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாளாம். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

கர்ப்பப்பை வாய்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருமா என்று பார்க்கிற டெஸ்ட் அது. அதில்தான் ஏதோ சரியில்லை. நான் போய் மேல்வரிசையில் ஒரு பல்லைப் பிடுங்க வைத்திருக்கிறேன்.

மார்ச் 11

நேற்று சாயங்காலம் நடந்தது.

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மேடம் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு வெங்காயம் உரிந்தது, பதில் மட்டும் வரவில்லை. நான் அடுத்த அறையில் இருந்தேன். வேறெங்கே போவது?

கடைசியில் மெல்ல மெல்ல வந்தது. ஜனவரியில் ஒரு நாள், டபுள் ஷிஃப்ட் என்று எங்களிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கவுன்டரில் விசாரித்திருக்கிறார். பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வைத்துப் பார்க்க ஒரு கட்டணம், அங்கிருந்து துளி சதை எடுக்க ஒரு கட்டணம், அந்தச் சதையைச் சோதிக்க ஒரு கட்டணம். எல்லாம் சேர்த்து அவருடைய ஒரு மாசச் சம்பளத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கேட்டுக்கொண்டு, தேங்க்ஸ் சொல்லிவிட்டு, பஸ் ஏறி வந்துவிட்டார்.

"பஸ்ல வந்தவங்க காசே கேக்கல. அங்க போனா வாசல்லயே கேக்கறாங்க. இருக்கறது மக வீடு. நானே கூடுதலா ஒரு வாய். அதுக்கு மேல இது வேறயா?"

"அதுக்காகப் பொய் சொல்லுவியாம்மா?"

"நான் எங்கடி பொய் சொன்னேன்? பேப்பர்ல வாய்னுதான் போட்டிருக்கு. முன்னாடி இருக்கற வார்த்தைய மட்டும் விட்டுட்டேன். மாப்ள முன்னாடி அத எப்படிச் சொல்றது?"

மேடம் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்ப பல்லு? அதையாவது வேணாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"மாப்ள ஆசையாக் கூட்டிட்டுப் போனாரு. மனசு வருமா? அதுவும் ஆடிக்கிட்டுத்தான இருந்துச்சு."

ஏன் இப்படி? ஒரு பல்லக் குடுத்துக்கூட ஒரு வார்த்தையக் காப்பாத்தணுமா? எனக்குக் கோபமா, அழுகையா, ஒண்ணும் புரியல. அந்த நாற்காலியில கண்ண மூடி வாயத் தொறந்தாங்களே. அந்த முகம்தான் திரும்பத் திரும்ப வருது.

மார்ச் 12

மேடம் அவள் அம்மாவோடு பேசவில்லை. அத்தை மகளோடு பேசவில்லை. அதனால் என்னோடு பேச யாருக்கும் வழியில்லை.

மார்ச் 13

பணம் என்னிடம் இருக்கிறது. பீங்கான் பல் சுடும் சின்ன உலை ஒன்று வாங்கச் சேர்த்து வைத்திருப்பது. உலை வந்தால் சொந்தமாகப் பட்டறை போட்டுவிடலாம் என்பது என் நெடுநாள் கனவு. ஆனால் நீட்டினால் அத்தை வாங்கமாட்டார். வீட்டுச் செலவுக்கு மாசாமாசம் தன் பங்கை மகள் கையில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்.

ஆகவே நானும் அத்தையின் வழிக்கே போனேன். சாப்பாடு முடிந்ததும் மேடத்திடம் உரக்கச் சொன்னேன்: "தப்பான பல்லப் புடுங்க வெச்சதுக்கு அபராதம் கட்டணும்னு சட்டம் இருக்கு. உங்கம்மாகிட்டச் சொல்லு."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"எவ்வளவு அபராதம்னு கேளுடி."

"ஆஸ்பத்திரி டெஸ்ட்டுக்கு ஆகற செலவு."

"அது உலைக்குச் சேத்த பணமாச்சேன்னு கேளு."

தெரிந்து வைத்திருக்கிறார்! "உலை எங்கயும் ஓடிப் போகாதுன்னு சொல்லு."

பிறகு தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. "சரி. அபராதம்னா வாங்கிக்கறேன். தர்மம்னா வேணாம்னு சொல்லிடு."

மேடம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நான் என்ன போஸ்ட் ஆபீஸா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். இரண்டு நாளைக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது இன்றுதான்.

மார்ச் 19, புதன்

ஆஸ்பத்திரி. மூன்று பேரும் லீவு. மூன்று பேர் சம்பளம், பஸ், வெளிச் சாப்பாடு. இதெல்லாம் எந்த ரசீதிலும் வராது.

கவுன்டரில் நீண்ட வரிசை. மேடம் டோக்கன் வாங்கப் போய்விட்டாள். அத்தையும் நானும் ஜன்னல் முன்னால். உள்ளே இருந்தவர் தலை நிமிராமல், "எந்த டெஸ்ட்?" என்றார். அத்தை ஏதோ முணுமுணுத்தார். "சத்தமாச் சொல்லுங்கம்மா, கேக்கல."

நான் தலைக்கு மேலே மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தேன். எனக்கே காது சுட்டது.

பக்கத்தில் மூச்சை இழுத்துவிடும் சத்தம். பிறகு, "கர்ப்பப்பை வாய்" என்றார். ரொட்டி அடுப்பருகே நின்று கத்திப் பழகிய குரல் அல்லவா, வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதற்கு மேல் நடந்ததுதான் அதிசயம். என் பக்கம் திரும்பி, நேராக என் முகத்தைப் பார்த்து, "ஃபேன எண்ணினது போதும் மாப்ள. பணத்தக் கட்டுங்க" என்றார்.

ஆறு வருஷத்தில் நான் கேட்காமலே, என் முகம் பார்த்து என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் இது. கட்டினேன்.

மேடம் துணைக்கு உள்ளே போனாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது அத்தையின் முகம் வெளுத்திருந்தது, நடை மாறவில்லை. முடிவு வர இரண்டு வாரம் ஆகலாம், வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், அதைக் காட்ட டாக்டரிடம் வேறொரு நாள் வர வேண்டும் என்றார்கள். அத்தை அங்கிருந்த நர்ஸிடம் போனார். எங்களுக்குப் போன் மேல் போன் செய்தவர் இவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. சின்னப் பெண், என் தோளுக்குக் கூட வரமாட்டார்.

"ஏம்மா, ரெண்டு நாள் வந்தா எனக்கு ரெண்டு நாள் சம்பளம் போவுது. முடிவு வந்தா நீ போன்ல சொல்லிடு. டாக்டரம்மா இருக்கற நாளாப் பாத்து ஒரே தடவையா வந்துடறேன். முடியுமா முடியாதா?"

நர்ஸ் யோசித்துவிட்டு, "புதன்கிழமை வந்தா முடியும்மா. யாருமே இப்படிக் கேட்டதில்ல" என்றார்.

என் நம்பரை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டார். இந்த முறை எடுப்பேன் சிஸ்டர் என்றேன். "எந்த வாய்னு கேட்டது நான்தான் சார்" என்று சிரித்தார். அந்தப் பெண் மட்டும் விட்டிருந்தால்? இத்தனை தடவை எடுக்காத நம்பரை நானாக இருந்தால் எப்போதோ அழித்திருப்பேன்.

மார்ச் 27

போன் வரவில்லை. அத்தை வேலைக்குப் போனார்.

ஏப்ரல் 1

போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வேலை செய்ததில் அதன் மேல் பிளாஸ்டர் கொட்டிவிட்டேன். துடைத்தாகிவிட்டது. போன் இல்லை.

ஏப்ரல் 4

முடிவு வந்துவிட்டதாம். புதன்கிழமை டாக்டர். நர்ஸ் போனில் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. "பயப்படாம வாங்க" என்றார். அப்படிச் சொன்னால் பயம் வராதா?

ஏப்ரல் 9, புதன்

புற்றுநோய் இல்லை.

இதை இரண்டு தடவை எழுத வேண்டும் போலிருக்கிறது. புற்றுநோய் இல்லை. அதற்கு முந்தைய படி. டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "இப்படியே விட்டா நாளைக்கு அதுவா மாறலாம். கெட்டுப்போன அந்த இடத்த மட்டும் மெல்லிய கம்பி வளையத்தால எடுத்துடலாம். மரத்துப்போக ஊசி போட்டுட்டுப் பண்ணுவோம். அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும், அது ரொம்ப முக்கியம்."

செலவு என்னவென்று கேட்டோம். நாலு முழு பல் செட்டுக்கு நான் வாங்கும் கூலி அளவு. விட்டுவிட்டு அப்புறம் வந்தால் எவ்வளவு ஆகும் என்று மேடம் கேட்டாள். டாக்டரம்மா எதிரே இருந்த புற்றுநோய்க் கட்டடத்தைக் காட்டினார். "அங்க இருக்கறவங்கள்ல பாதிப் பேர் வீட்ட வித்துட்டு வந்திருக்காங்க. அவங்களுக்கும் ஒரு காலத்துல இந்தச் செலவுதான் இருந்துச்சு."

அத்தை கேட்டது ஒன்றே ஒன்று. "தட்டு தூக்கலாமா?" கொஞ்ச வாரங்களுக்குக் கூடாது என்று பதில். அப்போதுதான் அவர் முகம் விழுந்தது. ரொட்டித் தட்டு தூக்காவிட்டால் அடுப்பில் வேலை இல்லை. அடுப்பில் வேலை இல்லாவிட்டால் கூலியும் இல்லை.

பஸ்ஸில் மிச்ச உலைப் பணத்தைப் பற்றி ஆரம்பித்தேன். "ஒரு பல்லுக்கு ரெண்டு அபராதம் கிடையாது மாப்ள" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு என்னதான் செய்யப் போகிறார்? வராமல் இருந்துவிடுவாரோ? மேடத்துக்கும் அதே பயம்.

ஏப்ரல் 12, சனி

பேக்கரியில் பாக்கிங் பார்க்கும் அக்கா சாயங்காலம் வந்தார். கையில் ஒரு பை பன், வாயில் ஒரு பெரிய கதை. அத்தை "விடுடி, விடுடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அக்கா விடவில்லை. நடித்தே காட்டிவிட்டார்.

இன்று டீ நேரத்தில் அத்தை எல்லாப் பெண்களுக்கும் நடுவில் தன் பேப்பரை எடுத்து மேசையில் வைத்தாராம். முழுப் பேரையும் சொன்னாராம். "இதுதான் எனக்கு. இவ்வளவு ஆகும். உங்கள்ல யாருக்கு வந்திருக்கு?" டீ ஆறிப் போயிற்றாம். அப்புறம் மாவு பிசையும் பெண் ஒருத்தி எழுந்து தன் பையிலிருந்து ஒரு பேப்பரை எடுத்திருக்கிறாள். வீட்டில் சர்க்கரை என்று சொல்லி வைத்திருக்கிறாள். கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவருக்கும் வந்திருக்கிறது. அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மூன்று பேருமாக முதலாளி அறைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே சுவரில் டெஸ்ட் பஸ் முன்னால் முதலாளி சிரித்துக்கொண்டு நிற்கும் படம் மாட்டியிருக்கிறதாம்.

முதலாளி சொன்னது: "அதான் காசில்லாம டெஸ்ட் எடுக்க வெச்சேனே. இனி அவங்கவங்க பாடு."

அத்தை: "மாவப் பெசஞ்சு மேசைல வெச்சுட்டு, இனி சுடறது உங்க பாடுன்னு நான் வீட்டுக்குப் போனா விடுவீங்களா முதலாளி? பாதியில விட்டா அது ரொட்டியா? வீணாப்போன மாவு."

முதலாளி ஏதோ சொல்ல வந்தாராம். அத்தை அந்தப் படத்தைக் காட்டினாராம். "அடுத்த தடவ பஸ் வந்தா யாரும் ஏற மாட்டாங்க. நான் ஏற விடமாட்டேன். இருக்கற நோயச் சொல்லிட்டுக் கைய விரிக்கறதுக்குத் தெரியாமலே இருந்துட்டுப் போகலாம்."

ஒரு மணி நேரம் கழித்து முதலாளி கூப்பிட்டுச் சொன்னாராம்: புதன்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்குப் போனால் சம்பளம் பிடிக்கமாட்டார்கள். ரொட்டி வண்டியே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரும். மூன்று பேர் செலவிலும் பாதி பேக்கரி, மீதி முன்பணம், கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ளலாம். தட்டு தூக்க முடியாத வாரங்களில் உட்கார்ந்து செய்கிற பாக்கிங் வேலை.

மேடம் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். "அம்மா, உனக்கு இவ்வளவு வாய் இருக்கா?"

இத்தனை வருஷத்தில் எத்தனையோ வாயை அளவெடுத்த மாதிரி பார்த்திருக்கிறேன். என் வீட்டிலேயே இருந்த இந்த வாயை நான் கவனித்ததே இல்லை. வெட்கமாகவும் இருக்கிறது, கர்வமாகவும் இருக்கிறது. அத்தை பன்னைப் பிட்டுப் பார்த்து, "ஓரம் வேகல, யாரு சுட்டது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 29

நாளை.

ஏப்ரல் 30, புதன்

ரொட்டி வண்டியில் உட்கார இடம் கிடையாது. காலித் தட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தோம். பிசையும் பெண்ணுக்கும் பெருக்கும் அம்மாவுக்கும் இன்று அந்தக் கண்ணாடி டெஸ்ட், அத்தைக்கு அந்தக் கம்பி வளையம். நான் ஒரே ஆண். பேச்சு எங்கெங்கோ போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள். இருக்கும் கூச்சத்தையெல்லாம் என் ஒருவன் தலையில் கட்டிவிட்டார்கள் போல.

ஆஸ்பத்திரியில் உள்ளே கூட்டிப்போய் அரை மணி நேரம் கூட ஆகவில்லை. அத்தை வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"பல்லுப் புடுங்கினதவிட வலி கம்மிதான் மாப்ள" என்றார்.

அழுதுவிட்டேன். பெஞ்ச் முழுக்கப் பெண்கள் பார்த்தார்கள். பெருக்கும் அம்மாதான் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மே 6

பாக்கிங் வேலையை அத்தைக்குப் பிடிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுப்பை முகர்ந்து முகர்ந்து, "கருகுது, எடு! எடு!" என்று கத்துகிறாராம். புது ஆள் அழாத குறையாம்.

மே 21

பிசையும் பெண்ணுக்கு ஒன்றுமில்லை, ஒரு வருஷம் கழித்து வந்தால் போதும் என்றார்களாம். பெருக்கும் அம்மாவுக்கும் கம்பி வளையம். அவரோடு துணைக்குப் போனது அத்தை.

ஜூன் 14, சனி

அத்தையின் பல் போன ஓட்டைக்கு, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பல் செய்யலாமென்று இருக்கிறேன். எல்லோருக்கும் செய்கிறேன், என்னால் போன பல்லுக்குச் செய்யமாட்டேனா? நிறம் பார்க்கும் மாதிரிப் பற்களை எடுத்து வந்து, "அத்தை, கொஞ்சம் வாயக் காட்டணும்" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். சும்மா, நெடுநாளாக அப்படி உட்கார்ந்து பழகியவர் போல. வாயைத் திறந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு மாதிரியாக வைத்துப் பார்த்தேன். டீ குடித்துப் பழுத்த நிறம், அடியில் லேசாகச் சாம்பல். எதுவும் பொருந்தவில்லை. இரண்டைக் கலந்துதான் செய்ய வேண்டும்.

ஜூன் 28

பல் முடிந்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு அத்தை, "என் பல்லு எது, உங்க பல்லு எதுன்னு தெரியலையே!" என்றார். இதுவரை எந்த டாக்டரும் என்னை இப்படிப் புகழ்ந்ததில்லை.

ஆகஸ்ட் 3

உலை விலை ஏறிவிட்டது. ஏறட்டும்.

அக்டோபர் 29, புதன்

ஆறு மாசப் பரிசோதனை. மறந்துபோவாரோ என்று நான் ஒரு வாரமாகச் சுற்றிச் சுற்றி வந்தேன். அத்தை காலையில் தயாராக உட்கார்ந்துகொண்டு, "நீங்க எதுக்கு மாப்ள லீவு போட்டீங்க? நானே போயிட்டு வருவேன்ல" என்றார். வண்டியில் இந்த முறை ஐந்து பேர்.

நவம்பர் 7, வெள்ளி

நர்ஸ் போன். முதல் மணியிலேயே எடுத்தேன்.

ஒன்றுமில்லை. இந்த முறை நிஜமாகவே ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் வந்தால் போதும்.

மேடம் கல்லாவை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். அத்தைக்கு விஷயம் தெரிந்தபோது கை முழுக்க மாவு. அந்தக் கையோடேயே மகளைக் கட்டிக்கொண்டார்.

நவம்பர் 18, செவ்வாய்

அத்தை காலையில் பல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். கழுவிய டம்ளர் பக்கத்தில் டப்பாவில் இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைத்து, பல் டாக்டரிடம் போகிற வழியில் பேக்கரியில் இறங்கினேன். டீ நேரம். நாளை டெஸ்ட் பஸ் மறுபடியும் வருகிறதாம். வெளியே கூரைக்கு அடியில் பெண்கள் கூட்டம், புதிதாகச் சேர்ந்தவர்கள் பாதி. நடுவில் அத்தை.

"...நான் வாய்னுதான் சொன்னேன். மாப்ள என்ன பண்ணாரு? நேராப் பல்லு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயி..." உதட்டைத் தூக்கி அந்த ஓட்டையைக் காட்டினார். "இதப் புடுங்கிட்டாரு!"

அடேயப்பா, என்ன சிரிப்பு! ஒருத்தி டீயைக் கொட்டிவிட்டாள். நான் தகரத் தடுப்புக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

சிரிப்பு அடங்கும்போது ஓரத்திலிருந்து ஒரு சின்னப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அதுல ஏதாவது வந்துச்சுன்னா எவ்வளவு செலவாகும்?"

அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். டெஸ்ட்டுக்கு இல்லை, அதற்கு அப்புறம் ஆகும் என்றார். கண்ணாடிக்கு இவ்வளவு, சதைக்கு இவ்வளவு, வளையத்துக்கு இவ்வளவு. முதலாளி எவ்வளவு தருகிறார், நாம் எவ்வளவு போட வேண்டும். "எதையும் மறைக்கல. செலவு இருக்கு. ஆனா நீ தனியா வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர வேணாம். நான் வரேன் கூட. டெஸ்ட்டோட முழுப் பேரச் சொல்லு, எங்க சொல்லு பாப்போம்."

அந்தப் பெண் சொன்னாள். குரல் எழும்பவில்லை. "கேக்கல" என்றார் அத்தை. இன்னொரு தடவை சொன்னாள்.

மணி அடித்ததும் எல்லோரும் உள்ளே போனார்கள். அப்போதுதான் அத்தை என்னைப் பார்த்தார். டப்பாவை நீட்டினேன். "மறந்துட்டீங்க அத்தை."

"மறக்கல மாப்ள." கொஞ்சம் தயங்கினார், எங்கே என் மனசு நோகுமோ என்று. "நல்ல பல்லுதான். அதப் போட்டுக்கிட்டுச் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. சிரிக்கவும் மாட்டேங்கறாங்க. சிரிச்சாத்தான அடுத்த வார்த்தையக் கேக்கறாங்க? கோவிச்சுக்காதீங்க."

கோபமா? இல்லை என்று தலையை ஆட்டினேன். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

பட்டறைக்கு வந்து டப்பாவைத் திறந்து பார்த்தேன். நிறம், அளவு, ஓரம், எல்லாம் கச்சிதம். நான் செய்ததிலேயே நல்ல பல் இதுதான். மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன், அங்கேயே இருக்கட்டும்.